இரண்டாம் ஆண்டுச் சந்தா

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார். இப்பொழுது கணினித் துறையில் நல்ல உத்தியோகம் பார்ப்பவர். கையிலே மடிக்கணினி, முகத்திலே புதுமாப்பிள்ளையின் பரபரப்பு. தேநீர் வரும்வரைகூடப் பொறுக்க மாட்டாதவராய்த் தமது திட்டத்தை விரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். உயர்தர வகுப்புக் கலைப்பிரிவு மாணவர்களுக்காக ஓர் இணையத்தளம் அமைக்கப் போகிறாராம். பாடக் குறிப்புகள், காணொளி விளக்கங்கள், பழைய வினாத்தாள்களுக்கு விடைகள் யாவும் அதில் இருக்கும். மாதம் 750 ரூபா சந்தா கட்டியவர் மாத்திரமே உள்ளே நுழையலாம்.

"பொருளியற் பகுதிக்கு உங்கள் பெயரைப் போட நீங்கள் சம்மதிக்க வேண்டும், சேர்" என்றார்.

"அது இருக்கட்டும், தம்பி. இத்திட்டம் வெற்றி பெற்றதென்பதை நீர் எதைக்கொண்டு அறிவீர்?" என்று கேட்டேன்.

"முதல் மாதத்தில் ஆயிரம் பேர் சேர்ந்தால் வெற்றிதானே!" என்று சற்றும் தயங்காது விடை வந்தது.

எனக்கு இரண்டு வாரத் தவணை தரும்படி சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று சம்பாதித்த பெயரை ஒரு வாயிற்கதவில் எழுதி ஒட்டுவதற்கு முன், அக்கதவு எத்தகையது என்று பார்ப்பது என் கடமையன்றோ? மாதம் 750 ரூபா என்பது சிலருக்கு அற்பத் தொகை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர், மூன்று பிள்ளைகள் படிக்கின்ற வீட்டிலே அது அற்பமன்று. அந்த இரண்டு வாரமும் நான் தேடிப் படித்தவற்றைத்தான் இவ்வாரம் இங்கே எழுதுகிறேன். இக்காலத்திலே படம் பார்க்கவோ, பத்திரிகை படிக்கவோ, பாடம் கற்கவோ ஏதாவதொரு தளத்துக்குச் சந்தா கட்டாத வீடு அரிது. ஆகையால் இது என் மாணவரின் விஷயம் மட்டுமன்று.

இணையத்திற் பணம் வாங்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் என்னும் வர்த்தகப் பத்திரிகை 1996 ஆம் ஆண்டிலேயே தன் இணையப் பதிப்புக்குக் கட்டணம் விதித்துவிட்டது. இணையம் என்றால் எல்லாம் இலவசம் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. எனினும் பங்குச் சந்தையிற் பணம் போட்டவன், காலையில் அரை மணி முந்தி ஒரு செய்தியை அறிந்தால் அதனாற் பயனடைவான். ஆகவே அவன் கட்டினான். இரண்டு ஆண்டுகளின் பின், 1998 இல், மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த ஸ்லேற் என்னும் இணையச் சஞ்சிகையும் ஆண்டுக்கு 19 டொலர் 95 சதம் என்று கட்டணம் வைத்துப் பார்த்தது. அதன் ஆசிரியர் மைக்கேல் கின்ஸ்லி பெயர்பெற்ற எழுத்தாளர். எழுத்திலும் குறையில்லை. சந்தா கட்டுவோருக்கு ஒரு குடையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்! சேர்ந்தவர் ஏறக்குறைய 20,000 பேர். அதற்குமேல் எண்ணிக்கை ஏறாததால் 1999 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கதவைத் திறந்துவிட்டு, முன்போல இலவசமாகவே நடத்தலாயினர். குடைக்காக வருபவன் மழை விட்டதும் போய்விடுவான் போலும்.

நியூயோர்க் டைம்ஸ் பட்ட பாடு இன்னும் சுவையானது. 2005 இல் அது தன் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர்களை மட்டும் ஒரு வேலிக்குள்ளே வைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டொலர் கேட்டது. இரண்டாண்டில் அவ்வேலியைப் பிடுங்கிவிட்டது. பின்னர் 2011 மார்ச்சில் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அப்போதைய விதிப்படி யாரும் மாதத்துக்கு 20 கட்டுரைகள் இலவசமாகப் படிக்கலாம். அதற்கு மேலே படிக்க விரும்புபவன் மட்டும் பணம் கட்டவேண்டும். எட்டிப் பார்ப்பவனைத் தடுக்காமல், நாள்தோறும் வந்து அமர்ந்திருப்பவனிடம் மாத்திரம் கேட்பதே இவ்வழியின் நுட்பம். பிற்காலத்தில் சமையற் குறிப்புகளும், குறுக்கெழுத்துப் புதிர்களும், 2022 இல் விலைக்கு வாங்கிய வேர்டில் என்னும் சொல் விளையாட்டும் அதனோடு சேர்ந்தன. இன்று அதன் சந்தாதாரர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். செய்தி படிக்காத நாளிலும் புதிருக்காக ஒருமுறை திறக்கிறார்கள் என்றால், அந்நிறுவனத்தார் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்களே.

ஆயினும் நியூயோர்க் டைம்ஸ் ஒரு மலை. 1851 முதல் வெளிவரும் பத்திரிகையின் அனுபவத்தை, வெறுங்கையோடு தொடங்கும் ஓர் இளைஞருக்கு உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது. அவருக்குப் பொருந்தும் கதை வேறொரு நாட்டிலே இருக்கிறது.

நமது யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டியவர்கள் என்று சரித்திர பாடத்தில் நாம் படித்த ஒல்லாந்தரின் நாட்டிலே, ரொப் வைன்பேர்க் என்றோர் இளைஞர் இருந்தார். தத்துவம் படித்தவர். 27 ஆவது வயதில், 2010 ஆம் ஆண்டில், இளைஞர்களுக்கான நாளிதழ் ஒன்றுக்குத் தலைமை ஆசிரியரானார். பத்திரிகை எவ்வழியிற் செல்லவேண்டும் என்பதில் மாறுபாடு ஏற்பட்டு 2012 இல் பதவி இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. 2013 மார்ச்சில் தொலைக்காட்சியிலே தோன்றி, விளம்பரமே இல்லாத ஓர் இணையப் பத்திரிகையைத் தொடங்க விரும்புவதாகவும், ஆண்டுக்கு 60 யூரோ கட்ட 15,000 பேர் முன்வந்தால் மட்டுமே தொடங்கப்போவதாகவும் அறிவித்தார். தவணை முப்பது நாள். எட்டே நாளில் 15,000 பேர் சேர்ந்துவிட்டனர். தவணை முடிந்தபோது 18,933 பேர் பணம் கட்டியிருந்தார்கள். அதுவரை ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி, நிருபர் என்று பொருள்படும் டி கொரஸ்பொண்டன்ட் என்ற பெயருடன் அத்தளம் உதயமாயிற்று.

என் மாணவர் இந்த எட்டு நாட் கதையைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார். நான் அவர் கவனிக்க வேண்டுமென விரும்பியது அதற்குப் பின் நடந்ததை.

அத்தளத்தின் எழுத்தாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு துறையை எடுத்துக்கொண்டனர். ஒருவருக்குக் கல்வி, ஒருவருக்கு மருத்துவம், இன்னொருவருக்குப் பூமி வெப்பமடைதல். கட்டுரையை எழுதி முடித்தபின் வாசகரிடம் நீட்டும் வழக்கத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எழுதத் தொடங்குமுன்பே, தாம் இன்ன விஷயத்தை ஆராயப் போவதாகவும், அதுபற்றி அறிந்தவர் தமக்கு உதவவேண்டும் என்றும் அங்கத்தவருக்கு அறிவித்தனர். பாடசாலையைப் பற்றி எழுதும்போது ஆசிரியரும், வைத்தியசாலையைப் பற்றி எழுதும்போது தாதியரும் தம் அனுபவத்தைச் சொன்னார்கள். யெல்மர் மொம்மர்ஸ் என்ற எழுத்தாளர் ஷெல் எண்ணெய்க் கொம்பனியின் ஊழியர்களை விளித்து, 'வாருங்கள், பேசுவோம்' என்று பகிரங்கமாகவே அழைப்பு விடுத்தார். 2017 இல் அவர் வெளியிட்ட ஒரு பழைய படம் உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. பூமி வெப்பமடைவதால் விளையும் கேடுகளைப் பற்றி அக்கொம்பனியே 1991 இல் தயாரித்த படம் அது. பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் என்று எடுத்தார்களாம்! கொம்பனிக்கு எல்லாம் தெரிந்தேயிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. அங்கத்தவர் ஒருவர் தாம் படித்த கட்டுரையை நண்பருக்கு அனுப்பலாம். நண்பர் பணம் கட்டாமலே அதனைப் படிக்கலாம். கடைக்காரன் கண்கொண்டு பார்த்தால் இது நட்டம். ஆனால், ஊண் கிடைத்தவன் தனித்து உண்ண மனங்கொள்ளான் என்பதை ஒல்லாந்தரும் அறிந்திருக்கிறார்கள். தான் பெற்ற நல்லதைப் பிறருக்குக் கொடுக்க இடமிருந்தால், கட்டிய பணத்தைப் பற்றி மனிதனுக்குப் பெருமையே உண்டாகிறது. பூட்டிவைத்துத் திருடரைத் தேடிக்கொண்டிருக்கும் இடத்திலே அப்பெருமைக்கு இடமேது? 2018 அளவில் அங்கத்தவர் தொகை ஏறக்குறைய 60,000. ஒல்லாந்து மொழி பேசும் சிறிய நாட்டுக்கு இது பெருந்தொகைதான்.

பிரான்சு தேசத்து மெடியாபார் என்ற தளத்தையும் ஓரிரு வரியிற் சொல்லவேண்டும். லு மொந்த் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் எட்வி பிளெனெலும் நண்பர்களும் 2008 மார்ச்சில் தொடங்கியது. விளம்பரம் இல்லை, அப்பொழுது மாதம் 9 யூரோ. இலவசமாகச் செய்தி கிடைக்கும்போது யார் கட்டுவார் என்று பலர் நகைத்தனர். வரி ஏய்ப்பை ஒழிக்க வேண்டிய வரவு செலவுத் திட்ட மந்திரி ஜெரோம் கயுசாக்கே வெளிநாட்டில் இரகசிய வங்கிக் கணக்கு வைத்திருந்தார் என்று 2012 டிசம்பரில் அது வெளியிட்டது. மந்திரி பாராளுமன்றத்திலே மறுத்துப் பார்த்தார். 2013 ஏப்பிரலில் ஒப்புக்கொண்டார். நகைத்தவர்களும் பின்னர் சந்தா கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி, கதையின் துயரமான பாகத்துக்கு வருவோம். ஒல்லாந்து நாட்டில் வெற்றி கண்டவர்கள் அதே முயற்சியை ஆங்கிலத்தில், உலகம் முழுவதற்குமாகச் செய்ய ஆசைப்பட்டனர். 2018 நவம்பர் 14 முதல் ஒரு மாதம் பணம் திரட்டினார்கள். இயன்றதைக் கொடுங்கள் என்றார்கள். 130 க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 45,888 பேர், 26 இலட்சம் டொலர் கொடுத்தனர். நியூயோர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜே ரோசன் முதலிய அறிஞர்கள் தூதுவராய் நின்று ஆதரித்தனர். தொடக்கம் இதனினும் சிறப்பாக அமைய முடியாது.

ஆனால் 2019 மார்ச்சில், தலைமை அலுவலகம் அமெரிக்காவில் அமையாது, அம்ஸ்டர்டாமிலேயே இருக்கும் என்று அறிவித்தார்கள். பணம் திரட்டும்போது நியூயோர்க்கில் ஓர் அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியிருந்தமையால், அமெரிக்க மண்ணிலே புதுப் பத்திரிகை ஒன்று உதயமாகிறது என்று பலர் நம்பியிருந்தனர். அத்தகைய வாக்குறுதி எதுவும் எழுத்தில் இருந்ததா என்று வழக்கறிஞர் வாதாடலாம். கொடுத்தவன் மனத்திலே விழுந்த எண்ணம் வழக்கறிஞரின் வாதத்தால் மாறாது. தாம் விளக்கியதிற் பிழை நேர்ந்தது என்று நிறுவனத்தார் பின்னர் மன்னிப்புக் கேட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் தளம் தொடங்கியது. சில மாதங்களிற் கொரோனா வந்தது. 2020 டிசம்பரில், தொடர்ந்து நடத்த இயலவில்லை என்று அறிவித்து, 2021 ஜனவரி முதலாந் திகதியோடு மூடிவிட்டனர். தொடங்கிப் பதினைந்து மாதம். தாய்த் தளமாகிய ஒல்லாந்துத் தளமோ இன்றும் நடைபெறுகிறது.

ஒரே ஆசிரியர், ஒரே முறை, ஒரே கொள்கை. ஒன்று நிலைத்தது, மற்றொன்று வீழ்ந்தது. ஏன்? கொரோனாவைக் காரணம் சொல்லலாம். அது ஒல்லாந்திலும் இருந்ததே! வாக்குறுதி பற்றிய மனக்கசப்பு ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றொன்றும் உண்டு. ஒல்லாந்துத் தளத்தின் அங்கத்தவர்கள் ஒரே பாராளுமன்றத்தைத் திட்டுபவர்கள். ஒரே புகையிரதத்துக்காகக் காத்து நிற்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒரே பரீட்சையை எழுதுபவர்கள். 130 நாட்டிலே சிதறிக் கிடந்த 45,888 பேருக்குப் பொதுவாய் இருந்தது என்ன? ஒரு நல்ல எண்ணம். நல்ல எண்ணம் முதற் சந்தாவைக் கொண்டுவரப் போதும். இரண்டாவது சந்தாவைக் கேட்கும் நாளிலே, 'சென்ற ஆண்டு இது என் வாழ்விலே எங்கே உதவிற்று?' என்று மனிதன் கணக்குப் பார்க்கிறான். முதற் சந்தா நம்பிக்கையினால் வருகிறது; இரண்டாவது அனுபவத்தினால் வரவேண்டியிருக்கிறது. விளம்பரக்காரனுக்கு முதலாவதில் வேலை உண்டு. இரண்டாவதில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தளத்தில் 1,000 பேர் இருக்கிறார்கள். புதிதாக எவரும் சேரவில்லை. மாதந்தோறும் நூற்றுக்கு ஐந்து பேர் விலகுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்துதானே என்று தோன்றும். ஆண்டு முடிவில் மிஞ்சுவோர் 540 பேர்! நூற்றுக்கு இரண்டு பேர் மட்டும் விலகினால் 785 பேர் மிஞ்சுவர். முதலாமவன் 1,000 என்ற இடத்திலே அசையாது நிற்பதற்கு மட்டும் ஆண்டுக்கு 600 புதியவர்களைப் பிடிக்கவேண்டும்; இரண்டாமவனுக்கு 240 போதும். ஓட்டைப் பானையில் நீர் நிரப்புபவன் கிணற்றடியிலேயே காலங்கழிக்க வேண்டியதுதான். வாசலிலே ஆயிரம் பேரை வரவேற்பதைவிட, உள்ளே இருக்கும் ஐவரில் மூவர் ஏன் எழுந்து போகிறார்கள் என்று விசாரிப்பது இலாபமான தொழில்.

இந்தக் கணக்கை அறிந்த சிலர், ஓட்டையை அடைக்காமல் வாசலை அடைக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமேசன் நிறுவனத்தின் பிரைம் என்ற அங்கத்துவத்தில் சேருவது எளிது. விலகுவது கடினம் என்று 2023 ஜூனில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. விலகுவதற்குரிய அந்த நீண்ட வழிக்கு நிறுவனத்துக்குள்ளே இலியட் என்று பெயராம். துரோய் நகரப் போரைப் பாடும் ஓமரின் பெருங்காப்பியத்தின் பெயரை ஒரு பொத்தானுக்குச் செல்லும் பாதைக்கு வைத்த அந்த உத்தியோகத்தர் இலக்கிய ரசனை உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும்! 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் கொடுக்க நிறுவனம் இணங்கியதோடு வழக்கு முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திரும்பிச் செல்லவேண்டியது.

அமெரிக்காவரை போவானேன்? நானும் ஒருமுறை நூல்கள் படிக்கும் தளமொன்றில் ஒரு மாதம் இலவசம் என்ற சொல்லுக்கு மயங்கிச் சேர்ந்தேன். வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். மறந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து, "இது என்ன, மாதாமாதம் போகிறது?" என்று என் மனைவி கணக்குப் புத்தகத்தைக் காட்டியபோதுதான் விழித்தேன். அவ்வேழு மாதத்தில் நான் திறந்த நூல் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கணக்கின்படி நான் ஒரு விசுவாசமான அங்கத்தவன்! பொருளியல் ஆசிரியருக்கு நேர்ந்த இக்கதியை என் மாணவர்களுக்கு இதுவரை சொல்லவில்லை. இன்று பத்திரிகை மூலம் அறிந்துகொள்ளட்டும்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களிலே, எங்கள் கிராமத்து வாசிகசாலை அடிக்கடி நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வடக்கே மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்தன. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோவினால் வானொலி கேட்ட காலம். கடதாசித் தட்டுப்பாட்டால் கொப்பித்தாளின் கோடுகளின் மேலேயே பத்திரிகை அச்சாகி வரும். வாசிகசாலைக்கு மாதச் சந்தா ஐந்து ரூபா. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காரியதரிசி மாமாவின் பின்னால் வீடு வீடாகப் போவது என் வேலை.

முதலாவதாகக் கட்டுபவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஆச்சி. அவவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிகசாலைக்கு எதற்காகச் சந்தா கட்டுகிறா என்று அந்நாளில் எனக்கு விளங்கவில்லை. மாலை நேரத்தில் காரியதரிசி மாமா பத்திரிகையை உரத்து வாசிப்பார். கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்துச் சொல்வார். ஓய்வூதியப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பார். ஆச்சி வாங்கியது பத்திரிகையை அன்று என்பது பின்னாளில் விளங்கிற்று.

ஒருமுறை மூன்று வாரமாகப் பத்திரிகை ஒழுங்காக வந்து சேரவில்லை. சந்தா கேட்கப் போகவேண்டாம், சொல்லிவிட்டு வருவோம் என்றார் மாமா. ஒவ்வொரு படலையிலும் நின்று, "இந்த மாதம் பத்திரிகை சரியாக வரவில்லை, இரண்டரை ரூபா தந்தாற் போதும்" என்று அவர் சொன்னது எனக்கு வெட்கமாக இருந்தது. நாமே நம் குறையை ஏன் கூவித் திரிய வேண்டும் என்று எண்ணினேன். அந்த மாதம் இரண்டரை ரூபா தந்தவர் இருவரோ மூவரோதான். ஏனையோர் ஐந்து ரூபாவையே தந்தனர். ஆச்சி, "வாற மாதத்தையும் சேர்த்து எழுது, மோனை" என்று பத்து ரூபாத் தாளை நீட்டினா. நான் என் கையால் எழுதிய முதலாவது பத்து ரூபாப் பற்றுச்சீட்டு அதுதான்.

தவணை முடிந்து மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை தேநீரை ஆறுதலாகக் குடித்தார். தளம் ஏறக்குறையத் தயாராகிவிட்டது என்று திறந்து காட்டினார். அழகாகவே இருந்தது. 'இணைந்துகொள்க' என்ற பொத்தான் முதற்பக்கத்தில் மூன்று இடங்களில் பச்சை நிறத்திலே மின்னியது.

"விலகுவதற்கான பொத்தான் எங்கே, தம்பி?"

"அது இன்னும் செய்யவில்லை, சேர். அவசரமில்லைத்தானே?"

"ஒரு மாதம் பாடங்களைப் போட முடியாமற் போனால் என்ன செய்வீர்? எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குறிப்பு எழுதவில்லை என்று வையும்."

அவர் யோசித்தார். அதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு பிள்ளை கடவுச்சொல்லை வாங்கிப் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும், வட்ஸ்அப்பிலே குறிப்புகள் ஓடித் திரியும் என்பதுதான் அவருடைய பெருங்கவலை. அதைத் தடுக்க என்னென்னவோ செய்து வைத்திருந்தார். ஒல்லாந்துத் தளத்தின் கதையை அப்பொழுதுதான் சொன்னேன். ஒரு பிள்ளை மாதம் இரண்டு பாடங்களைத் தன் நண்பருக்கு அனுப்ப நீரே ஏன் வழி வைக்கக்கூடாது என்று கேட்டேன். அச்சிட்ட குறிப்பைக் கடையிலே பிரதி எடுப்பதை நான் இருபது ஆண்டுகளாகத் தடுத்துப் பார்த்துத் தோற்றவன் என்பதையும் சொன்னேன்.

வாக்குவாதம் இரவு எட்டு மணிவரை நீண்டது. சில இடங்களில் அவர் சொன்னது சரி. சேவைக்கணினிக்கு வாடகை இருக்கிறது. காணொளி எடுப்பவருக்குச் சம்பளம் இருக்கிறது. எல்லாவற்றையும் தர்மமாகச் செய்ய அவர் செல்வந்தர் அல்லர். 750 ரூபாவை 400 ஆக்க முடியாது என்று கணக்குக் காட்டினார், ஏற்றுக்கொண்டேன். கட்ட வசதியில்லாத பிள்ளையைப் பாடசாலை அதிபரின் கடிதத்தோடு இலவசமாகச் சேர்ப்பது என்று அவரே முன்வந்து சொன்னார். கடிதம் வேண்டாம், பிள்ளையின் சொல்லே போதும் என்றேன். அதற்கு அவர் இன்னும் இணங்கவில்லை. நானும் விடுவதாக இல்லை. எனினும் என் பெயரை ஓர் ஆண்டுக்குப் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற வாரம் தளம் தொடங்கிற்று. பச்சைப் பொத்தான் ஒன்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே அதேயளவில் 'விலகிக்கொள்க' என்றும் இருக்கிறது. முதல் வாரத்திற் சேர்ந்தவர் 63 பேர். ஆயிரத்தை எதிர்பார்த்திருந்தவர் தொலைபேசியிலே சற்று வாட்டமாகத்தான் பேசினார். அந்த 63 பிள்ளைகளும் எந்தெந்தப் பாடசாலை, எந்தப் பாடத்திலே இடர்ப்படுகிறார்கள் என்று கேட்டு ஒரு பட்டியல் அனுப்பும்படி சொன்னேன். நேற்று அனுப்பியிருக்கிறார். நாற்பத்தொரு பேருக்குத் தேசிய வருமானக் கணக்கு விளங்கவில்லையாம். கேள்வி நிரம்பல் என்று நான் எழுதி வைத்திருந்த முதலாவது பாடத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தேசிய வருமானத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.